வேற கம்பெனி லென்ஸ்

ஏரல் கண்மணி ஸ்டுடியோ பொன்னுதுரை தூத்துக்குடியில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது அவர் தோளில் இரண்டு பைகள் தொங்கின. வலது தோளில் ஒன்று, இடது தோளில் ஒன்று. இரண்டு லென்ஸும் ஒரே பையில் தாராளமாகக் கொள்ளும். மனுசருக்குத்தான் மனசு கொள்ளவில்லை.

வலது பையில் இருந்தது கம்பெனி லென்ஸ். கேமராவை எந்தக் கம்பெனி செய்ததோ அதே கம்பெனி செய்தது. பதினாலு வருசமாக அவரோடு கல்யாணம் கல்யாணமாக அலைந்தது. இடது பையில் இருந்தது வேற கம்பெனி லென்ஸ். அதே கேமராவில் மாட்டலாம், பேர் மட்டும் வேறு. அதை வாங்கி வந்தவன் அவருடைய மருமகன் ராஜலிங்கம். கண்மணி ஸ்டுடியோவில் நடக்கிற வம்பு அத்தனையும் அந்த இடது பைக்குள்தான் இருக்கிறது என்று பொன்னுதுரை கோயிலில் நின்றுகூடச் சத்தியம் செய்வார்.

மட்டக்கடைப் பக்கம் ஒரு மாடியறை. ஜெபராணி டீச்சரின் லென்ஸ் சர்வீஸ் அங்கேதான். பொன்னுதுரை படியேறினார். ஏறும்போதே இடது பையைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டார்.

டீச்சர் அவரைவிடப் பதினாறு வயது இளையவர். ஃபிலிம் ரோல் ஒழிந்து டிஜிட்டல் வந்த காலத்தில் மாவட்டத்துப் போட்டோகிராபர்கள் எல்லாரும் பேந்தப் பேந்த முழித்துக்கொண்டிருந்தார்கள். சங்கத்தில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு வைத்தார்கள். அப்போது பள்ளிக்கூடத்தில் இயற்பியல் எடுத்துக்கொண்டிருந்த ஜெபராணியைக் கூட்டி வந்து நிறுத்தினார்கள். 'இந்தப் பொம்பளப் பிள்ளையா நமக்குச் சொல்லித்தரப் போவுது' என்று முதல் வாரமே பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். பொன்னுதுரை மட்டும் நாற்பது பக்க நோட்டோடு முதல் பெஞ்சில் உட்கார்ந்தார். அன்றிலிருந்து அவருக்கு உலகத்தில் நம்பகமான ஆள் ஒருவர் உண்டு என்றால் அது டீச்சர்தான். அந்த ஒருவரையும் இன்றைக்குப் பாதிதான் நம்பிக்கொண்டு வந்திருந்தார்.

"வாங்க அண்ணாச்சி. ரெண்டு தோள்லயும் பையா?"

"ஒண்ணோட ஒண்ணு பட்டுரக் கூடாதுல்ல டீச்சர்."

"பட்டா?"

"அதைக் கேக்கத்தான் வந்தேன்."

டீச்சர் சிரிக்கவில்லை. மேசையில் இருந்த வேலையை ஓரம் தள்ளி இடம் பண்ணினார். பொன்னுதுரை வலது பையை மேசைமேல் வைத்தார். இடது பையைத் தரையில் வைத்தார்.

"சாப்பிட்டியளா?"

"அதெல்லாம் ஆச்சு."

"பொய் சொல்லுதிய. சுகர் மாத்திரையைப் போட்டுட்டு வெறும் வயித்தோட பஸ் ஏறிட்டியளாம்."

பொன்னுதுரைக்குச் சுருக்கென்றது. "யார் சொன்னா?"

"ராஜலிங்கம் போன் போட்டாரு."

"பாத்தியளா!" என்று எழுந்தே விட்டார். "நான் இங்க வந்து சேரதுக்குள்ள போன் வந்து சேந்துட்டு பாத்தியளா! என்ன சொன்னான்? லென்ஸைப் பத்தி என்ன சொன்னான்?"

"இட்லி வாங்கிக் குடுங்கன்னு சொன்னாரு."

"அம்புட்டுத்தானா?"

"சட்னி காரம் வேண்டாம்னாரு."

பொன்னுதுரை நம்புவாரா? உட்கார்ந்தார். இட்லிப் பொட்டலத்தை டீச்சர் நகர்த்தி வைத்தார். அவர் அதையும் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுத்தான் பிரித்தார். பசி கூடுதலாக இருந்ததால் நாலையும் தின்றார்.

"நடிப்பு டீச்சர். எல்லாம் நடிப்பு. எம்மேல என்னமோ உருகுத மாதிரி."

"சரி, கேள்வியைக் கேளுங்க."

"ஒரே கேள்விதான். கம்பெனி லென்ஸை நம்பணுமா, வேற கம்பெனி லென்ஸை நம்பணுமா?"

"என்ன நடந்தது?"

நடந்தது இதுதான். மூணு மாசம் முன்னால் பழைய லென்ஸின் மோட்டார் படுத்துக்கொண்டது. ஃபோகஸ் பண்ணவே மாட்டேன் என்றது. கம்பெனிக்கு அனுப்பினார்கள். உதிரி பாகம் கப்பலில் வர வேண்டும், மாசக் கணக்காகும் என்று பதில் வந்தது. ஆவணி மாசம், வரிசையாக முகூர்த்தம். ராஜலிங்கம் நாலு இடத்தில் விசாரித்து, வேற கம்பெனி லென்ஸ் ஒன்றை வாங்கி வந்து மாமனார் கையில் கொடுத்தான். அன்றைக்கே பொன்னுதுரை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, அடியில் நகப்பாலிஷால் ஒரு புள்ளி வைத்தார். யாரும் மாற்றிவிடக் கூடாதாம். டூப்ளிகேட் லென்ஸை எவன் மாற்றி டூப்ளிகேட் வைப்பான் என்று மகள் பொற்செல்வி கேட்டாள். 'உனக்குத் தெரியாது, நீ சும்மா கெட' என்றார்.

"டூப்ளிகேட் இல்ல அண்ணாச்சி," என்றார் டீச்சர். "அவங்க பேரைப் போட்டு அவங்க செய்யுத லென்ஸ். அடுத்தவன் பேரைப் போட்டாத்தான் டூப்ளிகேட்."

"எதோ ஒண்ணு. நம்ம வீட்டுப் பொருள் இல்லல்ல."

"மேல சொல்லுங்க," என்றார் டீச்சர்.

மூன்று வாரம் முன்னால் சங்கரகோமதி கல்யாணம். தெரிந்த வீடு, பொன்னுதுரை தோளில் தூக்கி வளர்த்த பிள்ளை. அவர் போட்டோ, ராஜலிங்கம் வீடியோ. எல்லாம் நன்றாகத்தான் போனது. கெட்டிமேளம் கொட்டியது, மாப்பிள்ளை தாலியைக் கட்டினான், அட்சதை பறந்தது. ஸ்டுடியோவுக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால், எழுநூற்றுச் சொச்சம் படத்தில் தாலி கட்டுகிற படம் மட்டும் இல்லை.

கோமதி புருசனோடு வந்து ஸ்டுடியோ நாற்காலியில் உட்கார்ந்து எல்லாப் படத்தையும் பார்த்தாள். சண்டை போடவில்லை. போட்டிருந்தால் பொன்னுதுரைக்குத் தேவலையாக இருந்திருக்கும். 'கல்யாண ஆல்பத்துல கல்யாணமே இல்லையே பெரியப்பா' என்று மட்டும் கேட்டுவிட்டு, அழுகிற முகத்தைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு போனாள்.

முப்பத்தைந்து வருசத்தில் ஒரு தாலிகூட விட்டதில்லை பொன்னுதுரை. அன்றைக்கு ராத்திரியெல்லாம் லென்ஸைத் திருகித் திருகிப் பார்த்தார். காலையில் எழுந்து, மகளும் மருமகனும் இருக்கும்போதே சொல்லிவிட்டார்: 'நான் அமுக்கினேன். லென்ஸ் எடுக்கலை. வாங்கிட்டு வந்தவன் வேணும்னே என் பேரைக் கெடுத்துட்டான். இனிமே இந்த ஸ்டுடியோவுல அவனுக்கு வேலை இல்ல. தனியா எங்கயாவது கடை வச்சுப் பிழைச்சுக்கிடட்டும்.'

ராஜலிங்கம் வாயைத் திறக்கவில்லை. அதுவும் பொன்னுதுரைக்குச் சந்தேகத்தைத்தான் கிளப்பியது. குற்றம் இல்லாதவன் ஏன் வாயைத் திறக்காமல் இருக்கிறான்?

பொற்செல்விதான் பேசினாள். 'ஜெபராணி டீச்சர்கிட்டக் கொண்டு போங்க. லென்ஸ் கெட்டதுன்னு அவங்க எழுதித் தந்தா, நாங்க ரெண்டு பேரும் அன்னைக்கே பெட்டியைக் கட்டிருதோம். எழுதித் தரலைன்னா, இனி இவுகளை நீங்க ஒரு சொல்லு சொல்லக் கூடாது.'

பெண்டாட்டி போய்ச் சேர்ந்து ஆறு வருசம். இவர்களும் போனால் அந்த வீட்டில் பொன்னுதுரையும் சுவர்ப் படங்களும்தான். அது அவருக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் வந்துவிட்டார்.

"எழுதித் தாரேன்," என்றார் டீச்சர்.

பொன்னுதுரை இவ்வளவு சீக்கிரம் எதிர்பார்க்கவில்லை. "தாரியளா?"

டீச்சர் லெட்டர் பேடை எடுத்தார். தேதி போட்டார். பொன்னுதுரை இடது பையைத் தூக்கி லென்ஸை வெளியே எடுத்துக் கொடுத்தார். டீச்சர் அதன் நம்பரைப் பார்த்து எழுதினார். பேனாவை மூடாமல் வைத்துக்கொண்டார்.

"என்ன கெடுதல்னு எழுத?"

"அதை நீங்கதானே டீச்சர் பாத்துச் சொல்லணும்."

டீச்சர் லென்ஸை விளக்குக்கு நேரே பிடித்தார். முன்னால் பார்த்தார், பின்னால் பார்த்தார், வளையத்தைத் திருகினார். காதில் வைத்துக்கூடக் கேட்டார். பொன்னுதுரை கண்கொத்திப் பாம்பாக அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணும் தெரியலையே."

"தெரியாது டீச்சர். அதான் அதோட சூட்சுமம். நேரம் பாத்துத்தான் காலை வாரும்."

"அப்ப மாட்டுங்க. என்னைப் படம் எடுங்க. நான் வேலையைப் பாத்துக்கிட்டு இருக்கேன், நீங்க பாட்டுக்கு எடுங்க."

பொன்னுதுரை கேமராவில் வேற கம்பெனி லென்ஸை மாட்டினார். மாட்டிவிட்டு விரலைத் துடைத்துக்கொண்டார். டீச்சர் ஒரு பழைய லென்ஸைத் துணியால் துடைக்க ஆரம்பித்தார்.

கிளிக். பொன்னுதுரை உடனே குனிந்து கேமராவின் பின்பக்கத் திரையைப் பார்த்தார். படத்தில் டீச்சரின் கண்ணை மட்டும் பெரிசாக்கினார். இன்னும் பெரிசாக்கினார். இமைமுடி தெரிகிறதா? தெரிந்தது. 'இப்ப நல்லாத்தான் இருக்கும், நம்மளை ஏமாத்த' என்று நினைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

கிளிக். குனிந்தார். கண்ணைப் பெரிசாக்கினார். நிமிர்ந்தார்.

இப்படி எட்டுப் படம். எட்டுத் தடவையும் குனிந்து, எட்டுத் தடவையும் கண்ணைப் பெரிசாக்கி, எட்டுத் தடவையும் நம்பாமல் நிமிர்ந்தார்.

"எப்படி?" என்றார் டீச்சர்.

"எட்டும் கூர்மையாத்தான் இருக்கு. ஆனா அன்னைக்கு இப்படி இல்லையே."

"சரி. பழசை மாட்டுங்க."

வலது பையிலிருந்த கம்பெனி லென்ஸ் வந்தது. சரியாகி வந்து பத்து நாள்தான் ஆகிறது. அதைத் தொட்டதுமே பொன்னுதுரைக்குத் தோள் இறங்கியது. கண்ணில் கேமராவை வைத்தார். கிளிக், கிளிக் என்று அடுத்தடுத்து அமுக்கினார். மூன்றாவது படத்திலேயே நிறுத்திவிட்டார்.

"ஏ, என்ன டீச்சர் இது? மேசை காலியா இருக்கு!"

உண்மைதான். மேசைமேல் இருந்த விளக்கு இல்லை. ஸ்பிரிட் பாட்டில் இல்லை. திருப்புளி டப்பா, பஞ்சு, காற்றூதி, டம்ளர், இட்லிப் பொட்டலக் காகிதம், லெட்டர் பேட், ஒன்றும் இல்லை. எல்லாம் டீச்சரின் காலடியில் வரிசையாக இருந்தன.

"எப்ப எடுத்தீய?"

"நீங்க குனியும்போதெல்லாம் ஒவ்வொண்ணா எடுத்து வச்சேன்."

"அந்தப் படங்கள்ல..."

"இருக்கும். நீங்க என் கண்ணைத்தானே பாத்தீய."

பொன்னுதுரைக்கு முகம் கறுத்தது. விளையாட்டுக் காட்டவா இவ்வளவு தூரம் வரச் சொன்னார்கள்? போன் வந்தது இட்லிக்காக இல்லை என்று இப்போது நிச்சயமாகத் தெரிந்துவிட்டது. இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டுதான் செய்கிறார்கள்.

"பழசுல எடுக்கும்போது நீங்க குனியவே இல்லையே அண்ணாச்சி."

"அதை எதுக்குப் பாக்கணும்? அதுதான் எனக்குத் தெரியுமே."

டீச்சர் ஒவ்வொரு சாமானாக எடுத்து மறுபடியும் மேசையில் வைத்தார். கடைசியாக லெட்டர் பேடை வைத்தார்.

"இன்னும் எழுதலை நான். கல்யாணத்துக் கார்டு இருக்கா?"

இருந்தது. பொன்னுதுரை விட்டுவிட்டு வருகிற ஆளா? போட்டோ கார்டை மட்டுமில்லை, ராஜலிங்கத்தின் மேசை டிராயரைத் திறந்து வீடியோ கார்டையும் அவனுக்குத் தெரியாமல் எடுத்து வந்திருந்தார். வெட்டி ஒட்டி எதையாவது மறைத்துவிடுவானாம். வீடியோவை அவர் இன்னும் பார்க்கவில்லை. அவன் எடுத்ததைப் பார்க்கிற வழக்கமே அவருக்குக் கிடையாது.

இரண்டு கார்டையும் எடுத்து மேசையில் வைத்தார். வழக்குக்காரன் சாட்சியோடு பஞ்சாயத்துக்கு வந்த மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

டீச்சர் முதலில் போட்டோ கார்டைக் கம்ப்யூட்டரில் போட்டார். படங்கள் ஓடின. தாலித் தட்டு பெரியவர்கள் கைக்குக் கை மாறி ஆசீர்வாதம் வாங்கி வருகிறது. ஓட்டம் நின்றது.

"இது முன்னூத்தி பதினேழாவது படம். தாலி மாப்பிள்ளை கைக்கு வந்திட்டு. நல்லா விழுந்திருக்கு."

"ஆமா."

"இது பதினெட்டு. நாத்தனார் மூணாவது முடிச்சைப் போட்டுக்கிட்டு இருக்காங்க. இதுவும் நல்லா விழுந்திருக்கு."

"நடுவுலதான் டீச்சர்! நடுவுலதான் மோசம் பண்ணிட்டு!"

"நடுவுல எவ்வளவு நேரம் தெரியுமா?"

"தெரியாது."

"ஒவ்வொரு படத்துலயும் நேரம் இருக்கு. பதினோரு செகண்டு."

பதினோரு செகண்டு. பொன்னுதுரை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். கெட்டிமேளத்தில் அது பெரிய நேரம். பத்துப் பதினைந்து படம் எடுத்திருக்கலாம்.

"அந்தப் பதினோரு செகண்டும் நான் அமுக்கிக்கிட்டேதான் இருந்தேன். அது ஃபோகஸைத் தேடிக்கிட்டே கெடந்தது, விழவே இல்ல. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. எழுதுங்க டீச்சர். 'அமுக்கினால் எடுக்காது'ன்னு எழுதுங்க."

டீச்சர் பேனாவை எடுத்தார். தாளில் வைத்தார். எழுதவில்லை.

"சில லென்ஸ் அப்படிச் செய்யும்," என்றார். "வேற கம்பெனில செய்யும். கம்பெனி லென்ஸும் செய்யும். ஒரு தடவை பாத்துட்டே எழுதிருதேனே. வீடியோவுல நீங்களும் நிப்பீயல்ல."

பொன்னுதுரைக்குச் சந்தோசம். "போடுங்க. அவன் எடுத்ததே அவனுக்கு எதிரா சாட்சி சொல்லட்டும்."

வீடியோ கார்டு போனது. எடிட் பண்ணாத வீடியோ. பாட்டுச் சேர்க்காதது, கல்யாண மண்டபத்துச் சத்தம் அப்படியே இருந்தது. மேளம், நாகஸ்வரம், குழந்தை அழுகை, யாரோ யாரையோ 'ஏ பிச்சம்மா, தள்ளு' என்று கூப்பிடுவது. மணவறைக்கு எதிர்ப்பக்கத்தில் பொன்னுதுரை நின்றார். வெள்ளைச் சட்டை, கழுத்தில் கேமரா. தட்டு வருகிறது. மாப்பிள்ளை தாலியை எடுக்கிறான். பொன்னுதுரை ஒரு படம் எடுக்கிறார்.

ஐயர் கையைத் தூக்குகிறார். கெட்டிமேளம்.

மண்டபம் முழுக்க எழுந்து நிற்கிறது. கையெல்லாம் மேலே போகிறது, அட்சதை மழையாகக் கொட்டுகிறது. சமையல்காரர்கூட வாசலில் வந்து எட்டிப் பார்க்கிறார். அத்தனை முகமும் கோமதியைப் பார்க்கிறது.

ஒரே ஒரு தலை மட்டும் குனிந்திருக்கிறது.

பொன்னுதுரை கேமராவின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். கட்டைவிரல் அசைகிறது. எதையோ பெரிசாக்குகிறார். இன்னும் பெரிசாக்குகிறார். அவர் தலையில் நாலு அட்சதை விழுகிறது, அதைக்கூடக் கவனிக்கவில்லை. மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போடுகிறான்.

மாடியறையில் பொன்னுதுரை நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். அமுக்கினேன், அமுக்கினேன் என்று மூன்று வாரமாக ஊரெல்லாம் சொன்ன வாய் இப்போது உலர்ந்துவிட்டது. அவர் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நடந்தது என்று அவரே நம்பியிருந்தார்.

"போதும் டீச்சர்."

"இன்னொரு தடவை போடுதேன். இந்தத் தடவை பாக்க வேண்டாம். கண்ணை மூடிக் கேளுங்க."

பொன்னுதுரை கண்ணை மூடினார். மேளம் இடித்தது. நாகஸ்வரம் வீறிட்டது. அந்த இடிக்கு நடுவில், வீடியோ கேமராவுக்கு மிக அருகே, ஒரு குரல் கேட்டது. வீடியோ எடுக்கிறவனின் குரல்.

"மாமா!"

மேளம்.

"மாமா! நிமிருங்க மாமா! மாமா, தாலி! மாமா!"

தொண்டை கிழியக் கத்துகிறான். அந்தக் கெட்டிமேளத்தில் பக்கத்தில் நிற்கிறவனுக்கே கேட்டிருக்காது. கேமராவை விட்டுவிட்டு ஓடி வரவும் முடியாது. வந்தால் தாலி கட்டுகிறது வீடியோவிலும் இருக்காது. நின்ற இடத்திலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறான். மூன்றாவது முடிச்சு விழுகிற வரைக்கும் கூப்பிடுகிறான்.

"இன்னொரு தடவை," என்றார் பொன்னுதுரை.

டீச்சர் போட்டார்.

"இன்னொரு தடவை."

நாலாவது தடவை முடிந்தபோது பொன்னுதுரை கண்ணைத் துடைத்தார். துடைக்கத் துடைக்க வந்தது. மூன்று வாரம் அந்தப் பையன் சோறு தின்றது எதிரில் உட்கார்ந்துதான். இந்தக் கார்டு அவன் டிராயரில்தான் கிடந்தது. எடுத்து ஒரு தடவை போட்டுக் காட்டியிருந்தால் போதும், ஸ்டுடியோவே அவன் பக்கம் வந்திருக்கும். பொற்செல்வியிடம்கூட அவன் காட்டவில்லை. காட்டியிருந்தால் அவள் 'டீச்சர்கிட்டப் போங்க' என்று சொல்லியிருக்க மாட்டாள்.

"ஏன் சொல்லலை டீச்சர் அவன்? வாயில என்ன கொழுக்கட்டையா?"

"நீங்கதான் அவர்கிட்டக் கேக்கணும்."

"கேக்கவே இல்ல நான். ஒரு வார்த்தை கேக்கலை."

போன் அடித்தது. பொற்செல்வி. பொன்னுதுரை அதை எடுக்காமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எடுத்தார்.

"என்னப்பா, எழுதித் தந்துட்டாங்களா?" அவள் குரல் விறைப்பாக இருந்தது. "பெட்டியெல்லாம் கட்டி வாசல்ல வச்சாச்சு. ஒரு வார்த்தை சொன்னா நாங்க அடுத்த பஸ்ஸைப் பிடிப்போம்."

பொன்னுதுரை மேசையில் இருந்த தாளைப் பார்த்தார். அன்றைய தேதி இருந்தது. ஒரு நம்பர் இருந்தது. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை.

"பெட்டியை உள்ள எடுத்து வைம்மா."

அவள் காரணம் கேட்குமுன் அவரே தொடர்ந்தார்.

"மாப்பிள்ளைகிட்டப் போனைக் குடு."

"யார்ட்ட?"

நியாயமான கேள்விதான். கல்யாணமாகி நாலு வருசத்தில் பொன்னுதுரை ராஜலிங்கத்தை 'அவன்' என்பார், 'அந்தப் பையன்' என்பார், கோபம் வந்தால் 'உன் வீட்டுக்காரன்' என்பார். இந்தச் சொல் மட்டும் அவர் வாயில் வந்ததே இல்லை.

"மாப்பிள்ளைகிட்டம்மா."

போன் கை மாறுகிற சத்தம் கேட்டது.

"சொல்லுங்க மாமா," என்றான் ராஜலிங்கம்.

அதே குரல். மேளம் இல்லாததால் இப்போது மெதுவாக இருந்தது. பொன்னுதுரை மன்னித்துக்கொள் என்று சொல்லத்தான் வாயெடுத்தார். முப்பத்தைந்து வருசத்து வீம்பு சட்டென்று கரையுமா? வேறு என்னவோ வந்தது.

"சாப்பிட்டியாப்பா?"

"இல்ல மாமா. நீங்க இட்லி சாப்பிட்டியளா?"

"சாப்பிட்டேன். நாலு. உன் வீடியோவைப் பாத்தேன்."

பொன்னுதுரை போனை இன்னொரு காதுக்கு மாற்றினார்.

"அதுலருந்து தாலி கட்டுத இடத்தை ஒரு படமா எடுக்க முடியுமாப்பா? கோமதிக்கு."

"எடுத்து வச்சிருக்கேன் மாமா. பெரிசாப் போட்டா கொஞ்சம் பொரிப்பொரியாத் தெரியும். ஆல்பத்துக்குப் போதும். உங்ககிட்ட எப்படிக் காட்டன்னுதான்..."

"நாளைக்கு நாம ரெண்டு பேருமாக் கொண்டு போய்க் குடுப்போம்."

"சரி மாமா."

"ஞாயித்துக்கிழமை முகூர்த்தம் இருக்குல்ல. எந்த லென்ஸை எடுத்துட்டுப் போவோம்?"

"உங்க கைக்கு எது தோதோ அது மாமா."

பொன்னுதுரை போனை நெஞ்சோடு பொத்திப் பிடித்துக்கொண்டார். மேசைமேல் இரண்டு லென்ஸும் இருந்தன. டீச்சர் எப்போது வைத்தாரோ, ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு நின்றன. பொன்னுதுரை இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். காலையில் கேட்ட அதே கேள்விதான் வந்தது. ஆனால் குரல் இறங்கியிருந்தது.

"ரெண்டுல எதை நம்பட்டும் டீச்சர்?"

டீச்சர் பேனாவை மூடினார். லெட்டர் பேடிலிருந்து அந்தத் தாளைக் கிழித்து அவர் பக்கம் நகர்த்தினார்.

"எதை வேணும்னாலும் மாட்டுங்க அண்ணாச்சி. அன்னைக்கும் லென்ஸ் குனியலை, நேரே தாலியைத்தான் பாத்துக்கிட்டு இருந்தது."